சுவடிக் கயிறும் பசைக்கட்டும்: சுசீந்திரம் வட்டார எழுத்தாவணங்கள் வழி நூற்கட்டுத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நூலை எவ்வாறு கட்டுவது என்பது அச்சகத்தின் கடைசி வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அந்நூல் இனியும் வளருமா, எவ்வாறு விரித்துப் படிக்கப்படும், எத்தனை காலம் நிற்கவேண்டும் என்னும் வினாக்களுக்கான விடை நூற்கட்டிலேயே அடங்கியுள்ளது என்பதைச் சுசீந்திரத்தையும் அதனை அடுத்த நாஞ்சில் நாட்டு ஊர்களையும் சார்ந்த ஓலை, அச்சு ஆவணங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நூற்கட்டு, சுவடி, சுருணை, கிளிமூக்கு, பாரத் தையல், பசைக்கட்டு, சுசீந்திரம், அகிலத்திரட்டு

முன்னுரை

தமிழ் நூல் வரலாறு எழுத்தையும் அச்சையும் பதிப்பையும் பற்றிப் பேசிய அளவுக்கு நூற்கட்டைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு ஆவண வழியிலேயே ஒரு காரணம் உண்டு. பிரித்தானிய இந்தியாவில் நடைமுறைக்கு வந்த 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூற்பதிவுச் சட்டம், அரசுக்கு அளிக்கப்படும் படி கட்டப்பட்டோ தைக்கப்பட்டோ இருக்கவேண்டும் என விதித்தது. அதே சட்டத்தின்படி தொகுக்கப்பட்ட பட்டியலிலோ தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சிட்ட இடம், பக்க எண்ணிக்கை, அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றுக்கு இடமிருந்தது. கட்டின் வகைக்கு இடமில்லை. கட்டு வேண்டும், ஆனால் அது பதிவுக்குரியதன்று என்னும் இந்த மனப்போக்கு இன்றைய நூலக அட்டவணைகள் வரை தொடர்கிறது. சுசீந்திரம் அன்று திருவிதாங்கூரில் இருந்தமையால் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் நூற்கட்டைக் கவனிக்காத வழக்கத்தில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வேறுபாடு இல்லை.

கயிறும் கிளிமூக்கும்

ஓலைச்சுவடியின் கட்டு எளிமையானது போலத் தோன்றினும் நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டது. ஒரே அளவில் நறுக்கிய ஏடுகளில் இரு துளைகள் இடப்படும். ஒன்றில் நாராசம் என்னும் கம்பியோ குச்சியோ செருகப்படும். மற்றதில் கயிறு கோக்கப்படும். மேலும் கீழும் கம்பை எனப்படும் சட்டங்கள் வைத்துக் கயிற்றால் சுற்றிக் கட்டுவர். கயிற்றின் முனை துளையிலிருந்து உருவிவிடாமல் தடுப்பது கிளிமூக்கு. பனையோலையைக் கிளியின் அலகு போலக் கத்தரித்தே அதனைச் செய்துகொள்வர். பித்தளை, தந்தம், கொம்பு ஆகியவற்றாலும் செய்வதுண்டு.

இக்கட்டின் முதன்மையான இயல்பு அது அவிழக்கூடியது என்பதே. பழுதுற்ற ஓர் ஏட்டை எடுத்துவிட்டுப் புதிய ஏட்டில் படியெடுத்து அதே இடத்தில் கோக்கலாம். இறுதியில் ஏடுகளைச் சேர்க்கலாம். ஒரு நூலைப் பிரித்து இருவர் ஒரே நேரத்தில் படியெடுக்கலாம். அவிழக்கூடியது என்பதே அதன் இடரும் ஆகும். கயிறு அறுந்தால் வரிசை போகும். ஏட்டின் இடப்பக்க ஓரத்தில் எழுதப்படும் ஏட்டெண் ஒன்றே அப்போது துணை. அந்த ஓரம் ஒடிந்தால் அதுவும் இல்லை. முதலும் முடிவும் இல்லாத ஏடுகளையும் முறை பிறழ்ந்த ஏடுகளையும் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் நினைவுக் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எழுதுவதை நாம் பாடச் சிக்கலாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். அது நூற்கட்டுச் சிக்கலும் ஆகும்.

சொல்வழக்கில் இந்தப் பழைய கட்டு இன்னும் அவிழவில்லை. பேரேடு, பதிவேடு, நாளேடு, குறிப்பேடு ஆகிய எவற்றிலும் இன்று ஓலை இல்லை. நூல் என்னும் சொல்லே இழையையும் புத்தகத்தையும் ஒருங்கே குறிக்கிறது. நன்னூற் பாயிரம் அவ்வுவமையை நூற்றல் தொழில் வரை விரித்துச் சொல்கிறது.

கோயிற் கணக்கும் சுருணையும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் போன்றதொரு நிறுவனத்துக்கு அவிழக்கூடிய கட்டே பொருந்தும். நிலக்கொடை, பாட்டம், நாட்பூசைச் செலவு, திருவிழாச் செலவு, ஊழியர் பங்கு ஆகியவை முடிவடையாத எழுத்துகள். கொல்லம் ஆண்டு தோறும் புதிய ஓலைகள் சேரும். இத்தகைய எழுத்துக்கு முதற்பக்கம் உண்டு. கடைசிப் பக்கம் இல்லை. திருவிதாங்கூர் ஆவண வழக்கில் ஓலைத் தொகுதி சுருணை எனப்படும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் இவ்வகைச் சுருணைகளாகவே நமக்குக் கிடைத்துள்ளன. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் ஓலைகள் இதற்கு இணையான குடும்ப ஆவணங்கள். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைக் கண்டறிந்து ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார்.

இவ்வாவணங்கள் அச்சேறும்போது நிகழும் மாற்றம் கவனத்துக்குரியது. ஒரு கட்டில் நில ஒற்றி ஓலைக்கு அடுத்து அடிமை விற்பனை ஓலையும், அதற்கு அடுத்து முந்திய நூற்றாண்டின் ஓலை ஒன்றும் இருந்திருக்கலாம். அந்த அடுக்குக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம்: ஒரே நிலத்தின் உரிமைத் தொடர்ச்சி, ஒரே வழக்குக்காக எடுத்து வைத்தவை, ஒரே கிளைக் குடும்பத்தின் பங்கு. தைக்கப்பட்ட புத்தகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிலையான ஓரிடம் தேவை. ஆகவே பதிப்பாசிரியர் ஆண்டு வரிசையையோ பொருள் வரிசையையோ தேர்ந்தாக வேண்டியுள்ளது. அத்தேர்வில் குறை காண இடமில்லை. ஆய்வாளருக்கு ஆண்டு வரிசையே பயன் மிகுந்தது. எனினும் எந்த ஓலை எந்தக் கட்டில் எத்தனையாவதாக இருந்தது என்னும் குறிப்பு பதிப்பில் இல்லையெனில், கட்டு தாங்கியிருந்த சான்று அச்சில் அழிந்துவிடுகிறது. சுவடிப் பதிப்புகளில் பாட வேறுபாட்டுக்கு அடிக்குறிப்பு இடும் நாம், அடுக்கு வேறுபாட்டுக்கு ஒரு பட்டியல் கூட இடுவதில்லை.

1811இல் திருவிதாங்கூரின் திவான் பொறுப்பையும் ஏற்ற ரெசிடெண்ட் மன்றோ கோயில் நிலங்களையும் நிருவாகத்தையும் அரசின் கீழ்க் கொண்டுவந்தபின், கோயிற் கணக்கு அரசு அலுவலகத்துக்கும் உரியதாயிற்று. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. கோயில் இங்கும், அதன் மேலாட்சி பற்றிய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலுமாக இருக்கும் நிலையில், இக்கோயிலை ஆராய்வோர் இரு மாநிலங்களின் கட்டுகளை அவிழ்க்கவேண்டியுள்ளது.

நாகர்கோவில் அச்சகமும் பாரத் தையலும்

தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கத்தில் தொடங்குகிறது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். ஒரு மடிப்பில் அடங்கும். அடுத்த ஆண்டே கொச்சியில் வெளியான கிரீசித்தியானி வணக்கம் 120 பக்கங்களைத் தாண்டியது. ஒரு மடிப்பில் அடங்காத நூலுக்குப் பல மடிப்புகளை அடுக்கி முதுகில் ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். ஓலைக்கட்டு அறியாத முதுகு என்னும் உறுப்பு தமிழ் நூலுக்கு அப்போதுதான் வாய்த்தது. தரங்கம்பாடியில் 1715இல் முழுமையாக அச்சான புதிய ஏற்பாடு இக்கட்டின் இயல்பான நூல் எனலாம்: அதில் ஓர் ஏட்டைச் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. சீகன்பால்கு அச்சுப்பொறி வருவதற்கு முன் ஓலையில் எழுதுவோரைக் கூலிக்கு அமர்த்திப் படியெடுப்பித்தவர் என்பதால், இரு கட்டுகளின் வேறுபாட்டையும் நடைமுறையில் அறிந்திருப்பார்.

நாஞ்சில் நாட்டுக்கு அச்சு வந்தது லண்டன் மிஷன் வழியாக. ரிங்கல்தௌபே சுசீந்திரத்தை அடுத்த மயிலாடியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அச்சகம் நிறுவினார். மிஷன் நடத்திய தொழிற்பயிற்சியில் அச்சுக் கோத்தலோடு புத்தகங் கட்டுதலும் இடம்பெற்றது. அச்சகத்தின் வெளியீடுகளை நோக்கினால் இருவகைத் தேவை தெளிவாகிறது. ஊர் ஊராகக் கொண்டு சென்று கொடுக்கப்படும் சிறு பிரசுரம் ஒருமுறை படிக்கப்பட்டாலே போதும். நடு மடிப்பில் இரு தையல் அதற்கு நிறைவு. ஞாயிறுதோறும் எடுக்கப்படும் வேதநூலுக்கும் பாட்டு நூலுக்கும் பாரம் பாரமாகத் தைத்த முதுகும் கெட்டி அட்டையும் வேண்டும். ஒரே அச்சகத்தில் கட்டின் வகை நூலின் பயன்பாட்டைப் பின்தொடர்ந்தது.

நாகர்கோவில் அச்சகம் தோன்றிய அதே பத்தாண்டில்தான் இங்கிலாந்தில் தோலுக்குப் பதிலாகத் துணியால் நூல்களுக்கு மேலுறையிடும் வழக்கம் பரவியது. தமிழ்ப் பதிப்பாளர் விளம்பரங்களில் பின்னாளில் இடம்பெற்ற ‘காலிகோ பயிண்டு’ என்னும் தொடர் இவ்வழக்கின் வாரிசு. காலிகோ என்னும் துணிப்பெயர் கோழிக்கோட்டிலிருந்து மேனாடு சென்று, நூற்கட்டின் பெயராக நம்மிடமே திரும்பி வந்தது. துணிக்கட்டு இங்கு எளிதில் நிலைபெற்றதற்கு விலை ஒரு காரணம். பூசையறையிலும் கோயிலிலும் வைத்துப் படிக்கப்படும் நூலுக்குத் தோலுறை உவப்பானதாக இருந்திராது என்பதும் மற்றொரு காரணமாகலாம்.

விரித்து வைக்கப்படும் ஏடு

கட்டுக்கும் படிக்கும் முறைக்கும் உள்ள உறவுக்கு இவ்வட்டாரம் தரும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அகிலத்திரட்டு அம்மானை. சுசீந்திரத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள சாமித்தோப்பை நடுவாகக் கொண்ட அய்யாவழியின் முதன்மை நூல் இது. 1841இல் ஓலையில் எழுதப்பட்டது. 1939இல் முதன்முறையாக அச்சாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுகள் ஓலைப் படிகளின் வழியே அது பரவியது. கார்த்திகை மாதத்தில் சாமித்தோப்பில் 17 நாள் நடைபெறும் திருஏடு வாசிப்பில் நூல் முழுவதும் இசையோடு வாசிக்கப்படுகிறது. அச்சுநூலைக் கொண்டு வாசிக்கும் இடங்களிலும் அது ஏடு வாசிப்பு என்றே வழங்கப்படுகிறது.

அத்தகைய நூலுக்கு வேண்டியது என்ன? 15,000 அடிகளுக்கு மேற்பட்ட நூல் என்பதால் முதுகு தடிக்கும். கையில் ஏந்தாமல், எதிரே விரித்து வைத்து, மணிக்கணக்கில் வாசிக்கப்படுவதால், பக்கம் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. அம்மானை அடிகளின் தொடக்கச் சொற்கள் வலப்பக்கத்தில் முதுகுமடிப்பை ஒட்டியே வரும்; மடிப்பு அவற்றை விழுங்கிவிடின் பாடுவோர் தடுமாறுவர். நூலின் எல்லாப் பகுதியும் ஒரே வாசிப்பில் விரிக்கப்படுவதால் முதுகின் ஒவ்வோர் அங்குலமும் வேலை செய்கிறது. பாரந்தோறும் நடுமடிப்பில் நூலால் தைத்த கட்டு மட்டுமே இவ்வளவையும் தாங்கும். பக்கவாட்டுத் தையல், அதாவது அடுக்கிய பாரங்களின் ஓரத்தில் மேலிருந்து கீழாகத் துளையிட்டுத் தைப்பது, உறுதியானதுதான். ஆயினும் அது உள் ஓரத்தைத் தின்றுவிடும், நூல் தட்டையாக விரியாது. பெரிய எழுத்துக் கதைப்பாடல்களும் மலிவு விலைப் பள்ளி நூல்களும் இவ்வகையில் வந்தன. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் அச்சுநூலை வைத்துக்கொண்டு பாடாமல் தம் கையெழுத்துக் குறிப்பேட்டையே நம்பியதற்குப் பாட வேறுபாடும் தொழில் மறைவும் காரணங்கள் என்பர். விரியாத நூலும் ஒரு சிறு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பசைக்கட்டு

இன்று தமிழில் வெளியாகும் ஆய்வு நூல்களில் பெரும்பாலானவை பசைக்கட்டில் வருகின்றன. அச்சகத்தார் அதனைப் பர்ஃபெக்ட் பைண்டிங் என்பர். பெயரில் உள்ள நிறைவு கட்டில் எப்போதும் இருப்பதில்லை. பாரங்களை அடுக்கி, முதுகுமடிப்பை இயந்திரத்தால் சுரண்டி நீக்கி, தனித்தனித் தாள்களாகிவிட்ட அடுக்கின் முதுகில் உருக்கிய பசையைப் பூசி, மேலட்டையை ஒட்டுவது இதன் முறை. தாளைத் தாளோடு பிணைக்கும் இழை எதுவும் இல்லை. கயிறு அறுந்த சுவடியும் பசை விட்ட நூலும் ஒரே நிலையை அடைகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1836இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் ரப்பர்க் கரைசலால் தாள்களை முதுகில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படங்கள் மிகுந்த பெரிய நூல்கள் தட்டையாக விரிந்தமையால் அது வரவேற்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் ரப்பர் உலர்ந்து பொடிந்து, தாள்கள் உதிரத் தொடங்கின. செயற்கைப் பசைகள் வந்தபின் 20ஆம் நூற்றாண்டில் அம்முறை மீண்டும் தலையெடுத்தது. இன்று பரவலாக உள்ள உருகுபசை நாளடைவில் விறைத்து, விரிக்கும் இடத்தில் வெடிக்கும். பாலியூரித்தேன் வகைப் பசை மெல்லிய படலமாகப் பூசப்படுவதால் நூல் நன்றாக விரியும், பிடிப்பும் மிகுதி, செலவும் மிகுதி.

நாஞ்சில் நாட்டின் தட்பவெப்பம் இத்தேர்வில் ஒதுக்கத்தக்கதன்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி இது, கடலும் அருகில். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக அமையாவிடில், ஈரம் ஏறும்போது தாள் மேல்கீழாக விரிய முயன்று முதுகைக் கோணச் செய்யும். கம்பித் தையல் துருவேறி, துருவின் கறை நடுப்பக்கங்களில் இறங்கும். சிற்றிதழ்த் தொகுதிகளைப் புரட்டியவர்கள் இதனை அறிவர். மைதாப் பசை பூச்சிக்கு உணவாகும் என்பதால்தான் கட்டுநர் அதில் மயில்துத்தம் கலப்பர். ஓலைக்கு மஞ்சளும் வசம்பும் பூசிய அறிவின் தொடர்ச்சி அது.

தேர்வின் சுமை யாருடையது?

கே.கே. பிள்ளையின் சுசீந்திரம் கோயில் பற்றிய ஆங்கில நூல் 1953இல் சென்னைக் கலாக்ஷேத்திரா வெளியீடாக வந்தது. இக்கோயில் பற்றி எழுதப்படும் எந்த ஆய்வும் இன்றும் அதனைத் திறந்து பார்த்தே தொடங்குகிறது. முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை படித்து மூடும் நூலன்று அது. சொல்லடைவிலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து கல்வெட்டுக் குறிப்புக்கும் ஓடவேண்டிய நூல். ஒரு நூலகப் படியை எழுபது ஆண்டுகளில் எத்தனை கைகள் எத்தனை இடங்களில் விரித்திருக்கும் என்று எண்ணினால், இவ்வகை நூலுக்குக் கட்டு என்பது ஆய்வுக் கருவியின் ஒரு பகுதி என்பது விளங்கும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை போல, பகுதி பகுதியாக வெளிவந்து பின்னர் தொகுதியாகக் கட்டப்பட்டவற்றில் சிக்கல் இன்னும் கூடுதல். பகுதிகளின் மேலட்டைகளைக் கட்டுநர் நீக்கிவிட்டால், ஒரு கல்வெட்டுப் பாடம் எந்த ஆண்டில் முதலில் வெளியானது என்று அறுதியிடும் சான்றும் உடன்போகும்.

இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் தாமே பதிப்பாளர். படிகள் நூறோ இருநூறோ. எண்ணிம அச்சுப்பொறி தாள் தாளாக அச்சிடுவதால் பசைக்கட்டு இயல்பாகவே வந்து சேர்கிறது. ஆசிரியரிடம் எவரும் கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை. ஆனால் மாற்று உண்டு. டெம்மி அளவு நூலுக்கு ஏ3 தாளில் பக்கத்துக்கு இரண்டாக, இருபுறமும் சேர்த்து நான்கு பக்கங்கள் அச்சிட்டு, நான்கு தாள்களை ஒன்றனுள் ஒன்றாக மடித்தால் 16 பக்கப் பாரம் கிடைக்கும். 320 பக்க நூலுக்கு இத்தகைய பாரங்கள் இருபது. இருபது பாரங்களைக் கையால் தைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். எல்லாப் படிகளுக்கும் இது இயலாதெனில், நூலகங்களுக்குச் செல்லும் படிகளுக்காவது செய்யலாம். கல்லூரி ஆய்வரங்கக் கட்டுரைத் தொகுதிக்கு இவ்வளவு தேவையில்லை என்பதே என் எண்ணம். அவற்றில் பலவற்றுக்குப் பசைக்கட்டே நீண்ட ஆயுள். கோயில் ஆவணம், கல்வெட்டு, கதைப்பாடல், சொல்லடைவு ஆகியவற்றின் பதிப்புகளுக்குத் தைத்த கட்டைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க இயலவில்லை.

நூலக மறுகட்டு தனியே ஆராயத்தக்கது. இங்கு ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். உதிர்ந்த நூலை மறுகட்டுக்குக் கொடுக்கும்போது ஓரங்களைச் சமன்செய்ய மூன்று பக்கமும் வெட்டுவதும், முதுகோரத்தில் பக்கவாட்டாகத் தைப்பதும் வழக்கம். விளிம்பில் முன்னைய வாசகர் எழுதிய குறிப்பு வெட்டில் போகும். உள் ஓரத்து எழுத்து தையலில் மறையும். பின்னட்டையில் இருந்த விலையும் பதிப்பக விளம்பரமும் பழைய அட்டையோடு குப்பைக்குச் செல்லும். மறுகட்டுக்கு அனுப்புமுன் அட்டைகளையும் முதுகையும் ஒளிப்படம் எடுத்து, தைத்ததா, ஒட்டியதா, கம்பியா என்பதையும் பாரத்தின் பக்க எண்ணிக்கையையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஓலைச்சுவடிக்கு இதே வரி துளைகளின் எண்ணிக்கை, கயிற்றின் நிலை, கம்பை உண்டா இல்லையா, கட்டில் ஏடு இருந்த இடம் என நான்கு சொற்களில் முடியும்.